பயிலுநர்க்கும் பேறுகாலம் உண்டு

ஒரு பெண் காலையிலே வீட்டை விட்டுப் புறப்பட்டு மாலையிலே களைத்துத் திரும்புவாளாயின், ஊரவர் அவளை "வேலைக்குப் போகிற பிள்ளை" என்பர். அவள் ஆசிரியையோ, தாதியோ, தையற்சாலையிற் பணிபுரிபவளோ, இன்னும் தொழில் பழகிக்கொண்டிருப்பவளோ என்று ஊர் துருவிப் பார்ப்பதில்லை. சட்டமோ துருவிப் பார்க்கும். சட்டத்தின் முன்னே ஒருத்தி "தொழிலாளி", மற்றொருத்தி "உத்தியோகத்தர்", மூன்றாமவள் "பயிலுநர்". கருவுற்றால் மூவர்க்கும் பத்து மாதமே. நோவும் மூவர்க்கும் ஒன்றே. ஆயினும் பிரசவத்தின் முன்னும் பின்னும் ஓய்வும், அவ்வோய்வுக் காலத்துக்கு ஊதியமும் பெறும் உரிமை மூவர்க்கும் ஒரே காலத்திலே கிடைத்துவிடவில்லை. கடைசியிலே நின்றவள் பயிலுநரே. அவள் வரிசையின் கடைசிக்குத் தள்ளப்பட்டது எதனால், எங்கே அவளுக்கு வழி திறந்தது என்பவற்றை ஆராய்வதே இவ்வுரையின் நோக்கமாகும்.

சட்டங்கள் வருமுன்னரே பேறுகாலத்துக்கு ஓய்வு வேண்டும் என்பதை எம்மவர் அறிந்திருந்தனர். யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பங்களிலே பிள்ளை பிறந்து 31ஆம் நாளிலே துடக்குக் கழிப்பது வழக்கம். அதுவரையும் தாய் அடுக்களைக்குட் போவதில்லை. கிணற்றடிக்குக் குடமெடுத்துச் செல்வதில்லை. மருத்துவிச்சி வந்து போவாள். காயச்சரக்கு அரைத்துக் காய்ச்சிய கறியும் சோறும் தாய்க்குத் தனியாக ஆக்கப்படும். துடக்கு என்னும் பெயரின் பின்னே தீட்டு என்ற எண்ணம் இருந்தது மெய்யே. ஆயினும் அப்பெயரின் மறைவிலே ஒரு மாத ஓய்வும் ஊட்டமும் அவளுக்குக் கிடைத்தன. இதற்கு வேண்டியது நெல்லுள்ள வீடும், கைகொடுக்கத் தாயோ மாமியோ உள்ள குடும்பமும். நாட்கூலிக்குப் புகையிலைத் தோட்டத்திலும் வெங்காயப் பாத்தியிலும் நின்ற ஏழைப் பெண்ணுக்கு அன்றைய கூலியே அன்றைய அடுப்பு. வழக்கம் ஓய்வைக் கொடுத்தது. ஓய்விருக்கும் நாளுக்கு உணவை அது கொடுக்கவில்லை. அந்த இடைவெளியை நிரப்பவே பிற்காலத்திலே சட்டம் வேண்டியதாயிற்று.

பிரசவத்தைப் பற்றிய கல்வியும் எமது குடாநாட்டுக்குப் புதியதன்று. 1847ஆம் ஆண்டிலே இங்கு வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயிலிருந்து தமிழ் இளைஞர்க்கு மேனாட்டு வைத்தியத்தைக் கற்பித்தார். மகப்பேற்று மருத்துவம் பற்றிய ஆங்கில நூலொன்று அவர் முயற்சியினால் 1857ஆம் ஆண்டிலே "பிரசவ வைத்தியம்" என்ற பெயரில் தமிழிலே வெளிவந்தது. பின்னர் 1898ஆம் ஆண்டிலே இணுவிலிற் பெண்களுக்கென மக்லியட் ஆஸ்பத்திரி எழுந்தது. அதற்காகக் கடல் கடந்து பொருள் திரட்டியவர்கள் மேரி, மார்கரெட் லீச் என்னும் சகோதரியர். இசபெல்லா கேர் என்னும் பெண் வைத்தியர் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இப்பகுதிப் பெண்களுக்குத் தொண்டு செய்தார். உள்ளூர்ப் பெண்கள் அங்கே தாதித் தொழிலையும் மருத்துவிச்சித் தொழிலையும் பழகினர். பயிலுநர் என்ற சொல் வழக்குக்கு வருமுன்னரே, ஆஸ்பத்திரியிற் கைவேலை செய்துகொண்டே தொழில் கற்கும் பெண் எமது ஊர்களிலே தோன்றிவிட்டாள்.

அதே மிசன் பணிக்கென 1896ஆம் ஆண்டிலே கனடாவிலிருந்து புறப்பட்டு வந்த இளம் வைத்தியர் ஒருவரின் கதை ஈண்டு நினைக்கத்தக்கது. மேரி இர்வின் என்பது அவர் பெயர். இலங்கைத் தமிழரான எஸ். சி. கே. இரத்தினம் என்பவரை அவர் மணந்தார். அதனால் மிசன் அவரைத் தன் பணியில் வைத்துக்கொள்ளவில்லை. ஒரு பெண்ணின் கல்வியும் திறமையும் எவ்வளவினவாயினும், இல்வாழ்க்கையில் அவள் எடுக்கும் ஒரு முடிவினாலே பதவி அவளை விட்டுப் போய்விடலாம் என்பதற்கு அது சான்று. அவர் சோர்ந்துவிடவில்லை. கொழும்பிலே மேரி இரத்தினம் என்ற பெயருடன் பெண்களுக்கு வைத்தியம் செய்தார். 1927ஆம் ஆண்டிலே தோன்றிய பெண்கள் வாக்குரிமைச் சங்கத்திலே முன்னின்று உழைத்தார். 1930ஆம் ஆண்டிலே லங்கா மகிள சமித்தியை நிறுவினார். 1931ஆம் ஆண்டிலே டொனமூர் அரசியற் சீர்திருத்தத்தின் கீழ் 21 வயது நிரம்பிய ஆண் பெண் அனைவர்க்கும் வாக்குரிமை வந்தது. அடுத்த ஆண்டிலே நேசம் சரவணமுத்து கொழும்பு வடக்கின் பிரதிநிதியாக அரசாங்க சபையில் அமர்ந்தார். பெண்ணின் வாக்கு எண்ணப்பட்ட பின்னரே பெண்ணின் பேறுகாலமும் சட்டசபையின் காதுக்கு எட்டியது.

அக்காலத்திலே வெளியுலகில் நடந்ததையும் சிறிது நோக்குவோம். முதலாம் உலக யுத்தம் முடிந்தபின், 1919ஆம் ஆண்டிலே சர்வதேசத் தொழில் தாபனத்தின் முதலாவது மாநாடு வாஷிங்டன் நகரிலே கூடியது. அங்கே உருவான மூன்றாம் இலக்கச் சமவாயம் மகப்பேற்றைப் பற்றியது. கைத்தொழில் நிலையங்களிலும் வணிக நிலையங்களிலும் பணிபுரியும் பெண்ணுக்குப் பிரசவத்தின் முன் 6 கிழமையும் பின் 6 கிழமையும், ஆக 12 கிழமை ஓய்வு வேண்டும் என்றது அது. அக்காலத்துக்குரிய உதவிப்பணம் பொது நிதியிலிருந்தோ காப்புறுதி முறையினாலோ வழங்கப்படவேண்டும் என்றும் அது விதித்தது. பணம் கொடுக்கும் சுமையைத் தனிப்பட்ட முதலாளியின் தலையில் வைத்தால், அவன் பெண்ணை வேலைக்கு எடுக்கவே தயங்குவான் என்பது இதனால் விளங்கும். நேயர்கள் இந்த விதியை மனதில் வைத்துக்கொள்வார்களாக. பயிலுநரின் வரலாற்றுக்கு இது பின்னர் வேண்டியிருக்கும்.

இந்தியாவிலே என். எம். ஜோஷி என்னும் தொழிற்சங்கத் தலைவர் மத்திய சட்டசபையிலே 1924ஆம் ஆண்டிற் கொண்டுவந்த மகப்பேற்று மசோதா நிறைவேறவில்லை. 1929ஆம் ஆண்டிலே பம்பாய் மாகாணம் தனக்கென ஒரு சட்டம் செய்தது. அதற்கு முந்திய ஆண்டிலே அம்மாகாணச் சட்டசபையில் அம்பேத்கர் அதனை ஆதரித்துப் பேசினார். 1934ஆம் ஆண்டிலே சென்னை மாகாணமும் சட்டம் இயற்றியது.

இலங்கைக்கு 1939ஆம் ஆண்டிலே முறை வந்தது. அவ்வாண்டின் 32ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச்சட்டமே இத்துறையில் எமது முதற் சட்டம். பிரசவத்தின் முன் 2 கிழமைக்கும் பின் 4 கிழமைக்கும் அது நன்மை வழங்கியது. பின் வந்த 4 கிழமை 28 நாள். எமது கிராமத்தின் 31 நாளுக்கும் அது சற்றுக் குறைவே. ஆயினும் கிராம வழக்கம் கொடாத ஒன்றை, அதாவது ஓய்வு நாளுக்குப் பணத்தை, அது கொடுத்தது. தேயிலை, இறப்பர்த் தோட்டங்களிலே உழைத்த தமிழ்ப் பெண்களே இச்சட்டத்தினாற் பெரிதும் தொடப்பட்டவர்கள். தோட்டங்களிலே பணத்தின் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பிரசவ விடுதியும் உணவும் மருத்துவிச்சியின் உதவியும் அளிக்கலாம் என்ற மாற்று ஏற்பாடும் அதனுள் இருந்தது. பெருந்தோட்டமில்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டிலே, பாத்தியிலும் பனையோலையிலும் வீட்டுத் திண்ணையிலும் உழைத்த பெண்கள் பெரும்பாலும் அச்சட்டத்துக்கு வெளியே நின்றனர்.

பின் வந்த திருத்தங்களைச் சுருக்கமாகக் கூறுவோம். 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் எழுத்து வேலை செய்யும் பெண்களையும் கடைப் பெண்களையும் உள்ளே கொண்டுவந்தது. 1985ஆம் ஆண்டிலே முதலிரு பிள்ளைகளுக்கும் 12 கிழமை என்றாயிற்று. மூன்றாம் பிள்ளைக்கு அதிற் பாதியே. 1993ஆம் ஆண்டிலே இலங்கை 1952ஆம் ஆண்டின் 103ஆம் இலக்கச் சமவாயத்தை ஏற்றது. 2018ஆம் ஆண்டிலேதான், எத்தனையாம் பிள்ளையாயினும் 84 நாள் என்று இரு சட்டங்களும் திருத்தப்பட்டன. 84 நாள் என்பது 12 கிழமை. 1919ஆம் ஆண்டிலே வாஷிங்டனில் எழுதிய கணக்கை எல்லாப் பிள்ளைகளுக்கும் முழுமையாக எட்டுவதற்குத் தனியார் துறைக்கு 99 ஆண்டுகள் வேண்டியிருந்தன!

இனிப் பயிலுநரிடம் வருவோம். அவளைச் சட்டத்தின் வாயிலில் நிறுத்திய பூட்டுகள் இரண்டு. முதலாவது பூட்டு, "ஊதியம்" என்னும் சொல். மகப்பேற்றுச் சட்டங்கள் ஊதியத்துக்கு வேலை செய்யும் பெண்ணைப் பற்றியே பேசுகின்றன. பயிலுநருக்குக் கொடுக்கப்படுவதோ சம்பளமென்று அழைக்கப்படுவதில்லை, அது "கொடுப்பனவு". பையிலிருந்து எடுத்துச் சந்தையிற் கொடுக்கும்போது இரண்டும் ஒரே நாணயந்தான். பெயர் வேறுபட்டவுடன் உரிமையும் வேறுபடுகிறது. இரண்டாவது பூட்டு, நாட்கணக்கு. எமது கட்டளைச்சட்டத்தின்படி நன்மை பெறுவதற்கு ஓராண்டுக்குள் 150 நாள் வேலை செய்திருத்தல் வேண்டும். ஆறு மாதப் பயிற்சிக்கு வந்தவள் இக்கணக்கை எங்ஙனம் நிரப்புவாள்? நிரப்பும் வேளையிலே பயிற்சியே முடிந்துவிடும்.

இப்பூட்டுகள் திறக்க முடியாதவையல்ல என்பதற்கு எமது நாட்டுச் சட்டப் புத்தகத்திலேயே சான்றுண்டு. 1950ஆம் ஆண்டின் கைத்தொழிற் பிணக்குகள் சட்டம் "தொழிலாளி" என்பதற்கு வரைவிலக்கணம் கூறும்போது, சேவை ஒப்பந்தத்தின் கீழ் வேலை செய்பவரோடு பயிலுநர் ஒப்பந்தத்தின் கீழ் வேலை செய்பவரையும் ஒருங்கே சேர்த்துவிட்டது. பிணக்கு வந்தால் வழக்காடும் உரிமை பயிலுநருக்கும் உண்டு என்று அன்றே ஒப்புக்கொண்டாயிற்று. 1971ஆம் ஆண்டிலே தேசிய பயிலுநர் சபை நிறுவப்பட்டு, தொழிற்சாலைகளிலும் வேலைத்தலங்களிலும் இளைஞரும் யுவதியரும் தொழில் பழகும் முறை அரசின் ஒழுங்குக்குள் வந்தது. அதன்பின் "பயிலுநர்" என்பது ஒரு சிலரைக் குறிக்கும் சொல்லாக இருக்கவில்லை. ஒரு தலைமுறையே அந்த வாயிலினூடாக வேலைக்குட் புகுந்தது.

பாக்கு நீரிணைக்கு அப்பால் இதே கேள்வி இன்னும் கூர்மையாக எழுந்தது. 1961ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாளிலே இந்தியாவிலே இரு சட்டங்கள் ஒருங்கே பிறந்தன. 52ஆம் இலக்கச் சட்டம் பயிலுநரைப் பற்றியது. 53ஆம் இலக்கச் சட்டம் மகப்பேற்று நன்மையைப் பற்றியது. ஒரே நாளிலே பிறந்த இரட்டையர் போன்ற இவை ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவில்லை. பயிலுநர் தொழிலாளரல்லர், பயிற்சி பெறுபவரே என்றும், தொழிற் சட்டங்கள் பொதுவாக அவர்களுக்குப் பொருந்தா என்றும் 52ஆவது கூறியது. ஊதியத்துக்கு வேலை செய்யும் பெண்ணுக்கே நன்மை என்று 53ஆவது கூறியது. இரண்டையும் சேர்த்துப் படிப்பவர்க்கு, கருவுற்ற பயிலுநர் இரு வீட்டுக்கும் நடுவே தெருவில் நிற்பது தோன்றும்.

இந்தியாவின் உயர்ந்த நீதிமன்றம் மகப்பேற்றுச் சட்டத்தைத் தாராளமாகவே பொருள் கொண்டது. டெல்லி மாநகராட்சியிலே தெரு வேலை செய்த நாட்கூலிப் பெண்கள், தாம் நிரந்தர ஊழியரல்லர் என்ற காரணத்தால் மறுக்கப்பட்ட நன்மையைக் கேட்டு வழக்காடினர். 2000ஆம் ஆண்டு மார்ச் 8ஆம் நாள், உலக மகளிர் தினத்திலேயே, உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 2023ஆம் ஆண்டிலே கவிதா யாதவ் வழக்கிலே, ஒப்பந்தக் காலம் முடிந்துவிட்டதென்று மகப்பேற்று நன்மையை இடையில் வெட்டிவிடலாகாது என்று அதே நீதிமன்றம் கூறியது. 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி முதலிரு பிள்ளைகளுக்கு 26 கிழமை என்ற நீண்ட ஓய்வையும் அந்நாடு வழங்கியது. இவ்வளவு விரிந்த கையும் பயிலுநர் முன் வந்தவுடன் சுருங்கிக்கொள்கிறது. மகப்பேற்றுச் சட்டத்தையும் தன்னுள் அடக்கிக்கொண்ட 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டக்கோவை, "ஊழியர்" என்பதற்கு வரைவிலக்கணம் கூறும் இடத்திலேயே, 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழுள்ள பயிலுநரை வெளியே நிறுத்தியுள்ளது. நாட்கூலிப் பெண் உள்ளே. ஒப்பந்தப் பெண் உள்ளே. கற்றுக்கொண்டே உழைப்பவள் வெளியே.

இவ்விடத்திலே இலங்கையின் அரசாங்க சேவை ஒரு நல்ல காரியம் செய்தது. 2005ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கப் பொது நிருவாகச் சுற்றறிக்கை, தாபன விதிக்கோவையின் பிரசவ விடுமுறைப் பகுதியைத் திருத்தியது. நிரந்தர, தற்காலிக, அமைய, பயிலுநர் என்னும் நால்வகைப் பெண் உத்தியோகத்தரையும் ஒரே வரியிலே நிறுத்தி, உயிருடன் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் முழுச் சம்பளத்துடன் 84 நாள் விடுமுறை உண்டு என்றது. சனி, ஞாயிறும் பொது விடுமுறை நாட்களும் அந்த 84இல் எண்ணப்படா. வழக்குமன்றத்திலே வாதித்துப் பெறவேண்டிய உரிமை, ஒரு சொல்லை எழுதியதனாலே கிடைத்துவிட்டது. ஒரு வரைவிலக்கணத்தை விரிப்பதற்கு ஒரு சொல் போதும். அச்சொல்லை எழுதுவதற்கு மனம் மட்டுமே வேண்டும்.

அச்சொல்லின் பயனை நான் என் தொழிலிலே கண்டிருக்கிறேன். 2020ஆம் ஆண்டிலே அரசாங்கம் நாடெங்குமிருந்து பல்லாயிரம் பட்டதாரிகளை மாதம் 20,000 ரூபாய் கொடுப்பனவுடன் பயிலுநராகச் சேர்த்தது. அவர்களிற் பலர் பாடசாலைகளுக்கும் அனுப்பப்பட்டனர்; எமது குடாநாட்டுக்கும் வந்தனர். பெரும்பாலோர் பல்கலைக்கழகத்தை விட்டு வெளிவந்து, ஆண்டுக்கணக்கிலே வேலைக்குக் காத்திருந்தவர்கள், முப்பது வயதை அண்டியவர்கள், மணமானவர்கள். அவ்வாறு வந்த ஒரு பிள்ளை ஆறாம் மாதம் வரை தன் நிலையை வாய்திறந்து சொல்லவில்லை. "விடுமுறை கேட்டால் பயிற்சியிலிருந்து நிறுத்திவிடுவார்களோ, சேர்?" என்று பின்னர் கேட்டாள். சுற்றறிக்கையை எடுத்து அவள் கையிலே கொடுத்தேன். "பயிலுநர்" என்ற சொல்லின் மேலே விரலை வைத்தபடி அவள் அந்த வரியை இரண்டு முறை வாசித்தாள். உரிமை ஏட்டிலே இருந்து அவளுக்கு எட்டாமற் போயிருந்தால், அது இல்லாததற்குச் சமமாகியிருக்கும். ஆகவே அதிபர்களும் அலுவலகத் தலைவர்களும் தம்மிடம் வரும் பயிலுநர்க்கு முதல் நாளிலேயே இதனை எடுத்துரைத்தல் கடமையாகும்.

ஆயினும் தனியார் துறையிலே தொழில் பழகும் பெண்ணுக்கு இத்துணைத் தெளிவான சொல் இன்னும் கிடைக்கவில்லை. அவள் தையற்சாலையிற் பழகலாம். கணக்காளர் அலுவலகத்தில் ஏடு எழுதிப் பழகலாம். அவள் ஒப்பந்தத்திலே எழுதப்பட்ட பெயரையும், கையிற் கிடைக்கும் பணத்தின் பெயரையும், வேலை செய்த நாட்களின் தொகையையும் பார்த்தே அவள் நிலை முடிவாகிறது.

முதலாளிமார் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. அதனைக் கேளாமல் விடுவது முறையன்று. "பயிற்சிக்காலம் குறுகியது. கற்பிப்பதற்கு நாம் செலவு செய்கிறோம். இடையில் மூன்று மாதம் அவள் போய்விட்டால் பயிற்சியும் குறைகிறது, பணமும் போகிறது" என்பர் அவர்கள். இதில் இரு பகுதி உண்டு. பயிற்சி குறைகிறது என்பதற்கு மருந்து எளிது: விட்ட இடத்திலிருந்து தொடர இடங்கொடுத்து, பயிற்சிக்காலத்தை அத்தனை நாளாற் பின்தள்ளுவதே. நெருப்புக்காய்ச்சலில் ஒரு மாதம் படுத்த மாணவனைப் பாடசாலை துரத்திவிடுவதில்லையே. பணம் போகிறது என்பது மெய்யான குறை. இலங்கையிலே மகப்பேற்று நன்மையின் சுமை முழுவதும் வேலை கொடுப்பவர் தோளிலேயே உள்ளது. அதற்கெனப் பொது நிதி இல்லை. பத்துப் பேர் வேலை செய்யும் சிறு நிலையத்துக்கு அது பாரமே. பாரம் தாங்காத முதலாளி பயிலுநரென்று பெயரிட்டோ, பெண்ணை எடாமலோ தப்பிக்கொள்ளப் பார்ப்பான். இங்கேதான் 1919ஆம் ஆண்டின் வாஷிங்டன் விதி எமக்கு வழிகாட்டுகிறது. எவ்வகையிலும் முதலாளி தனித்து இச்சுமையைத் தாங்கலாகாது என்று, நாம் 1993ஆம் ஆண்டில் ஏற்ற 103ஆம் இலக்கச் சமவாயமும் வெளிப்படையாகவே கூறுகிறது. ஊழியர் சேமலாப நிதியைக் கட்டியெழுப்பத் தெரிந்த நாட்டுக்கு மகப்பேற்று நிதியொன்றைக் கட்டியெழுப்புவது ஆகாத காரியமன்று. அந்நிதி வருமாயின், பயிலுநரென்று பெயர் மாற்றி இலாபம் அடைய எவருக்கும் காரணமிராது. அவளை உள்ளே எடுப்பதனால் எவர் தனித்தும் நட்டமடையவும் மாட்டார்.

தொழில் பழகும் வயதும் பிள்ளை பெறும் வயதும் ஒன்றே. இருபதுக்கும் முப்பதுக்கும் இடைப்பட்ட அந்தப் பத்தாண்டுகளிலே இரண்டும் ஒருங்கே வரும். ஒன்று மற்றொன்றுக்காகக் காத்திராது. பயிலுநருக்குப் பேறுகாலம் இல்லையென்று எழுதும் சட்டம், பிள்ளையையா தொழிலையா என்று ஓர் இளம்பெண்ணைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. 1896ஆம் ஆண்டிலே மேரி இர்வின் என்ற வைத்தியர் முன்னே வைக்கப்பட்ட தேர்வும் அதை ஒத்ததே. அவர் மணத்தையும் தொழிலையும் ஒருங்கே வென்றெடுத்தது அவருடைய தனிப்பெருமை. எல்லாப் பெண்களிடமும் அத்துணைத் துணிவை எதிர்பார்ப்பது நீதியாகாது. துணிவில்லாதவளும் தன் பங்கைப் பெறவேண்டும் என்பதற்காகவே சட்டம் இருக்கிறது. 2005ஆம் ஆண்டிலே அரசாங்க சேவை எழுதிய அந்த ஒரு சொல்லை, எஞ்சிய சட்டங்களிலும் எழுதிவிடுவதே இனி எஞ்சியிருக்கும் பணியாகும்.